மந்தகதித் தேவாங்கு: ஓர் இரவு விலங்கின் ஆராய்ச்சி வரலாறு

விலங்கியலின் வரலாற்றை நோக்குவோர் ஓர் உண்மையை எளிதில் உணர்வர். பகலிலே திரியும் உயிர்கள் அறிஞரின் கருத்தை விரைவிற் கவர்ந்தன. இரவிலே திரியும் உயிர்களோ நெடுங்காலம் அறியப்படாமலே கிடந்தன. யானையையும் மயிலையும் பற்றி முன்னையோர் அறிந்தவை பல. ஞாயிறு மறைந்தபின் மரக்கிளைகளிலே ஓசையின்றி நகரும் சிற்றுயிர்களைப் பற்றி அவர் அறிந்தவை மிகச் சில. அச்சிற்றுயிர்களுள் ஒன்றே தேவாங்குக் குடும்பத்தைச் சேர்ந்த மந்தகதித் தேவாங்கு. அதனைப் பற்றிய அறிவு வளர்ந்த வரலாறு ஏறக்குறைய இரண்டரை நூற்றாண்டு நீளமுடையது. பெயர்க் குழப்பத்திலே தொடங்கி, அருங்காட்சியகங்களின் தோல்களிலும் எலும்புகளிலும் நெடுநாள் தங்கி, இறுதியிலே காட்டின் இருளுக்குட் புகுந்த வரலாறு அது. அறிவு பெருகிய அதே காலத்திலே விலங்கின் தொகை அருகியமையும் அவ்வரலாற்றின் ஒரு கூறாகும்.

தமிழர் தேவாங்கு என வழங்குவது இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் வாழும், மெலிந்த உடலும் நீண்டு மெலிந்த கால்களும் உடைய விலங்காகும். மந்தகதித் தேவாங்கு அதற்கு நெருங்கிய உறவுடையதாயினும் வேறானது. உடல் திரண்டது, கால்கள் குறுகியவை, வால் வெளித்தெரியாதவாறு சிறுத்தது, வட்டமான பெரிய கண்களைச் சூழ்ந்து கருநிறத் திட்டுக்கள் அமைந்திருக்கும். இந்தியாவின் வடகிழக்கு மாநிலங்களிலும் வங்காளதேசத்திலும் தொடங்கி, பர்மா, தாய்லாந்து, இந்தோசீன நாடுகள், மலாயாத் தீபகற்பம், சுமாத்திரா, போர்ணியோ, யாவா, பிலிப்பைன் தீவுகளின் தென்கோடி ஆகிய பகுதிகள்வரை இதன் இனங்கள் பரந்துள்ளன. இலங்கையிலே இது இல்லை. மலாய் மக்கள் இதனைக் குக்காங் என்பர். நாணமுடையது என்னும் பொருளில் மலு-மலு என்றும் அழைப்பர். வங்காளியர் வழங்கும் லஜ்ஜாவதி பானர் என்ற பெயருக்கும் நாணமுள்ள குரங்கு என்பதே பொருள். தாய்லாந்து மக்களோ இதனைக் காற்றுக் குரங்கு என்பர். கண்டஞ்சி முகத்தை மறைத்துச் சுருளும் அதன் இயல்பை அக்காட்டோர மக்கள் ஐரோப்பிய அறிஞருக்கு முன்னரே உற்றுநோக்கியிருந்தனர் என்பதற்கு இப்பெயர்கள் சான்றாம்.

ஐரோப்பிய விலங்கியலாரிடையே இதன் வரலாறு குழப்பத்துடனேயே தொடங்கியது. 1758ஆம் ஆண்டிலே சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயசு, மெதுவாக நடப்பது என்னும் பொருளமைந்த தார்டிகிராடசு என்ற இலத்தீன் பெயரை ஒரு விலங்குக்குச் சூட்டினார். அப்பெயர் மந்தகதித் தேவாங்கையே குறிக்கும் எனப் பின்வந்தோர் பலர் கொண்டனர். 1902ஆம் ஆண்டிலே அமெரிக்க விலங்கியலாராகிய சுடோனும் றேனும் அப்பெயர் இலங்கையின் மெலிந்த தேவாங்குக்கே உரியது எனத் தெளிவுபடுத்தினர். இவ்வாறு மெதுவானது என்ற பெயர் விரைந்து நடக்கவல்ல இலங்கை விலங்கிடமே நின்றுவிட்டது. இடைப்பட்ட காலத்திலே 1770இல் ஒல்லாந்து நாட்டு வொசுமார் மந்தகதித் தேவாங்கொன்றை ஆராய்ந்து, அதனை வங்காளத்தின் ஐவிரற் சோம்பல் விலங்கு என வருணித்தார். தென்னமெரிக்காவிலுள்ள சோம்பற் கரடியோடு அதற்கு எவ்வித உறவும் இல்லை. மந்த நடையொன்றே அவரை அவ்வாறு எண்ணச் செய்தது. 1785இல் பொட்டார்ட் என்பார் அதனை இலங்கைத் தேவாங்கோடு சேர்த்து எண்ணுதலே பொருத்தம் என வாதித்து, குக்காங் என்ற நாட்டு வழக்குப் பெயரை விலங்கியற் பெயருள் இடம்பெறச் செய்தார். இரவுக் குரங்கு எனப் பொருள்படும் நிக்டிசெபசு என்ற பேரினப் பெயரை 1812இல் பிரெஞ்சு அறிஞர் சோபிரோய் வகுத்தார்.

இக்காலத்திலே உயிருள்ள விலங்கை அன்போடு நோக்கியவரும் ஒருவர் இருந்தனர். வடமொழிக்கும் ஐரோப்பிய மொழிகளுக்குமுள்ள உறவை எடுத்துக்காட்டிய சேர் வில்லியம் யோன்சே அவர். வங்காளத்திலே நீதிபதியாக இருந்த அவர் மந்தகதித் தேவாங்கொன்றைத் தம் இல்லத்தில் வளர்த்து, அதன் இயல்புகளைக் குறித்து ஒரு சிறு கட்டுரை வரைந்தார். அவர் இறந்த மறு ஆண்டாகிய 1795இலே வங்காள ஆசியக் கழகத்தின் ஆராய்ச்சித் தொகுதியில் அக்கட்டுரை வெளிவந்தது. பகலெல்லாம் சுருண்டு உறங்குதல், மாலையில் விழித்தெழுதல் முதலியவற்றை அதனுள் அவர் விவரித்தார். ஆயின் அஃது ஒரு வீட்டிற் கண்ட விலங்கின் வரலாறே. காட்டிலே அது எவ்வாறு வாழ்ந்தது என்னும் வினா எழுவதற்கு இன்னும் ஒன்றரை நூற்றாண்டிற்கு மேற் சென்றது.

பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் ஆராய்ச்சி அருங்காட்சியகத்தையே சார்ந்திருந்தது. வேட்டையாடிப் பெற்ற தோல்களையும் மண்டையோடுகளையும் ஒப்பிட்டு, 1893இல் லைடெக்கரும், 1906இல் லையனும், 1907இல் பொன்கோட்டும் புதிய இனங்களை வகுத்தனர். ஒவ்வோரிடத்திலும் நிறமும் பருமனும் வேறுபட்டமையாற் பெயர்கள் பெருகின. இப்பெருக்கத்தை ஒழுங்குபடுத்த முனைந்தவர் பேராசிரியர் ஒசுமன் கில். அவர் பெயர் இலங்கையருக்குப் புதிதன்று. 1930 முதல் 1945 வரை கொழும்பு மருத்துவக் கல்லூரியிலே உடற்கூற்றியற் பேராசிரியராக விளங்கிய அவர், வேடரைப் பற்றியும் குரங்கினங்களைப் பற்றியும் ஆராய்ந்ததோடு, உயிருள்ள விலங்குகளின் பெருந்தொகுதி ஒன்றையும் பேணினார். இலங்கையின் வடபாகத்து வறண்ட நிலங்களில் வாழும் சாம்பல்நிறத் தேவாங்கை 1933இலும், ஓட்டன் சமவெளியின் மலைத்தேவாங்கை 1942இலும் தனித்தனி வகைகளென விவரித்தவர் அவரே. குளிர்மலையில் வாழும் அத்தேவாங்கு குறுகிய கால்களும் அடர்ந்த உரோமமும் உடையதாய்த் தோற்றத்தில் மந்தகதித் தேவாங்கை ஒத்திருந்தமையின், நிக்டிசெபசு போன்றது என்னும் பொருள்பட அதற்குப் பெயரிட்டார்.

அவர் எடின்பரோவுக்குச் சென்றபின் எழுதிய பெருநூலின் முதற்றொகுதி 1953இல் வெளிவந்தது. அதனுள் அவர் முன்னையோர் வகுத்த மந்தகதித் தேவாங்கினங்கள் அனைத்தையும் ஒரே இனமாகச் சேர்த்தார். குழப்பத்தை நீக்கியமையின் அஃது அக்காலத்து ஒரு தெளிவே. ஆயினும் எதிர்பாராத விளைவொன்று அதனால் நேர்ந்தது. அசாமிலிருந்து யாவாவரை பரந்த ஓர் இனம் என எண்ணும்பொழுது, ஒரு தீவிலே அது அருகினும் பிறவிடங்களிலே நிறைந்திருக்கும் என்ற எண்ணம் இயல்பாக எழும். இரவிலே காட்டுட் சென்று எண்ணிப் பார்த்தவர் மிகச் சிலராகையால் அவ்வெண்ணத்தை மறுக்கச் சான்றும் இருக்கவில்லை. காணப்படாமையும் குறைவின்மையும் ஒன்றெனக் கொள்ளப்பட்டன. 1971இல் குரோவ்சு என்னும் அறிஞர் இந்தோசீனத்துக் குறுந்தேவாங்கு வேறினமே என நிறுவினார். அதன்பின் வங்காளம், யாவா, போர்ணியோ ஆகியவற்றின் விலங்குகளும் படிப்படியாகத் தனியினங்களாக மதிக்கப்பட்டன. 2013இல் போர்ணியோவிலிருந்து கயன் என்ற இனம் முகக்கோலங்களின் வேறுபாட்டைக் கொண்டு புதிதாக விவரிக்கப்பட்டது. 2022இல் குறுந்தேவாங்கு தனிப் பேரினமாகவே வகுக்கப்பட்டது. பெயர் பிரியப் பிரிய ஒவ்வோர் இனத்தின் வாழிடமும் எத்துணைச் சிறியது என்பது தெளிவாயிற்று. வகைப்பாட்டியல் வெறும் பெயர்ப்பட்டியலன்று. எதனைக் காத்தல் வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் அடிப்படையும் அதுவேயாம்.

களஆராய்ச்சி இவ்வளவு தாமதித்தமைக்குக் காரணங்கள் உள. மந்தகதித் தேவாங்கு கிளைவிட்டுக் கிளை தாவுவதில்லை. ஒரு கிளையைப் பற்றியபின்னரே மற்றதை விடும். மணிக்கட்டிலும் கணுக்காலிலும் இரத்தக் குழாய்கள் வலைபோற் பின்னியிருத்தலால், தசை சோராது பல மணிநேரம் ஒரே கிளையைப் பற்றி நிற்கவல்லது. ஆபத்தை உணர்ந்தால் ஓடுவதற்குப் பதில் அசைவற்று உறைந்துவிடும். இலைகளின் ஓசையைக் கேட்டுக் குரங்குகளைத் தேடிய ஆய்வாளர் இதனைக் கண்டுகொள்ளுதல் அரிது. கண்ணின் பின்புறத்துள்ள ஒளிதிருப்பும் படலமே அதனைக் காட்டிக்கொடுப்பது. விளக்கொளி பட்டதும் இரு செந்நிறப் புள்ளிகள் இருளிலே ஒளிரும். வெண்ணொளி விலங்கைக் கலக்குமாகையால் விளக்குக்குச் செந்நிற வடிகட்டி பொருத்தும் வழக்கம் ஏற்பட்டது. கழுத்திலே சிறு வானொலிக் கருவியைக் கட்டி, அதன் குறிகளைப் பின்பற்றிச் செல்லும் முறையும் வந்தபின்னரே தனித்தனி விலங்கின் வாழ்க்கையைத் தொடர்ந்து அறிதல் இயன்றது.

இம்முறைகளாற் பெறப்பட்ட அறிவு பழைய கருத்துகள் பலவற்றை மாற்றியது. மலாயாத் தீபகற்பத்திலே வீன்சு, சிற்சுமன் ஆகிய செருமானிய ஆய்வாளர் நடத்திய ஆராய்ச்சியின் பயனாக, தனித்து வாழ்வது எனக் கருதப்பட்ட இவ்விலங்கு உண்மையிலே ஒரே நிலப்பரப்பைச் சிறு குடும்பமாகப் பகிர்ந்து வாழ்வது என்பது 2003இல் வெளியாயிற்று. அதன் உணவிலே மரச்சாறும் பூந்தேனும் பெரும் பங்குடையன. பெர்த்தாம் என்னும் பனையினத்துப் பூக்களிலே இயற்கையாகப் புளித்து மதுவாகும் தேனையும் அது பருகும். அத்தேனிலே மதுசாரம் 3.8 சதவீதம்வரை இருக்குமென 2008இல் அறிவிக்கப்பட்டது. அதன் உடலின் ஆற்றற் செலவு அதே பருமனுள்ள பாலூட்டியிடம் எதிர்பார்க்கப்படும் அளவின் ஏறக்குறைய 40 சதவீதமே. மரங்கள் தம்மைக் காத்தற்பொருட்டுச் சாற்றிலே சேர்க்கும் கசப்பும் நஞ்சும் உடைய பொருள்களை உண்டு வாழ்தற்கு இம்மந்தமான உடற்செயல் துணைபுரிவது என்பர் ஆய்வாளர். எனவே சோம்பல் என வொசுமார் கண்டது குறையன்று. பிற விலங்குகள் விரும்பாத உணவை உண்டு வாழும் ஒரு வாழ்முறையின் அங்கமாகும். திரிபுராவின் திருட்ணா சரணாலயத்திலே வங்காளத் தேவாங்கைப் பின்தொடர்ந்தோர், குளிர்காலத்திலே மரப்பிசினே அதன் தலையாய உணவென 2010இல் எழுதினர். இவ்வறிவு விலங்குக்காட்சிச் சாலைகளுக்கும் பயன்பட்டது. இனிய பழங்களையே அளித்து வளர்த்தமையால் விலங்குகள் உடல் பருத்தும் பல்நோயுற்றும் வருந்தியமைக்குக் காரணம் அதனாலேயே விளங்கிற்று.

இவ்விலங்கின் மற்றொரு இயல்பும் குறிப்பிடத்தக்கது. பாலூட்டிகளுள் நஞ்சுடையவை மிகச் சில. குரங்கினத்தைத் தழுவிய பெருவரிசையிலே நஞ்சுடையவை மந்தகதித் தேவாங்குகளே. முழங்கையின் உட்புறத்தில் உள்ள சுரப்பியின் நீரை நக்கி உமிழ்நீரோடு கலந்து, சீப்புப்போல் அமைந்த முன்பற்களாற் கடிக்கும்பொழுது அது நஞ்சாகின்றது. அதனாற் கடியுண்ட ஒருவர் பேரதிர்ச்சி நிலையுற்றமை 1972இல் மருத்துவ ஏடொன்றிற் பதிவாயிற்று. அச்சுரப்பிலுள்ள புரதம் பூனைகளால் மாந்தருக்கு ஒவ்வாமை உண்டாக்கும் புரதத்தை ஒத்தது எனப் பின்னர் அறியப்பட்டது. யாவாவிலே எட்டாண்டு நடந்த ஆராய்ச்சி, தம்மினத்தோடு நிலத்துக்காகவும் துணைக்காகவும் பொருதுகையில் இவை இந்நஞ்சை ஆயுதமாகக் கொள்கின்றன என 2020இல் எடுத்துக்காட்டியது.

இந்நஞ்சே விலங்குக்குத் துன்பமாகவும் முடிந்தது. வளர்ப்பு விலங்காக விற்போர், கடியுண்ணாதிருத்தற் பொருட்டு, மயக்கமருந்தின்றி அதன் பற்களை நகம்வெட்டியாலும் குறட்டாலும் வெட்டிவிடுவர். வாய் புண்ணாகிச் சீழ்பிடித்து இறப்பவை பல. பிழைப்பவையும் மரப்பட்டையைக் கீறிப் பிசின் உண்ண இயலாதவையாதலால் மீண்டும் காட்டில் வாழும் தகுதியை இழந்துவிடுகின்றன. யாகார்த்தா முதலிய நகரங்களின் பறவைச் சந்தைகளிலே இவ்விற்பனை நெடுங்காலம் வெளிப்படையாகவே நடந்தது. இந்தோனேசியாவிலே 1973 முதலே சட்டப் பாதுகாப்பு இருந்தும் இந்நிலை நீடித்தமை, சட்டம் ஏட்டிலிருத்தல் மட்டும் போதாது என்பதைக் காட்டுகின்றது. கம்போடியாவிலும் வியட்நாமிலும் உலர்த்திய தேவாங்குகள் மருந்துப்பொருளாக விற்கப்பட்டன. பிள்ளைபெற்ற பெண்களுக்கு அது நல்லதென்ற நம்பிக்கை ஆங்குண்டு. இவற்றோடு காடழிவும் சேர்ந்தது.

இந்நிலையை மாற்றும் முயற்சியிலே 2007ஆம் ஆண்டு ஒரு மைல்கல்லாகும். அவ்வாண்டு யூன் மாதத்திலே நெதர்லாந்தின் எக் நகரிற் கூடிய, அருகிவரும் உயிரினங்களின் வாணிகம் பற்றிய அனைத்துலக உடன்படிக்கை நாடுகளின் மாநாட்டிலே, கம்போடியாவின் வேண்டுகோளை ஏற்று, மந்தகதித் தேவாங்குகள் யாவும் இரண்டாம் அட்டவணையிலிருந்து முதலாம் அட்டவணைக்கு மாற்றப்பட்டன. அதன்படி அவற்றை நாடுவிட்டு நாடு கடத்தி விற்கும் வாணிகம் தடுக்கப்பட்டது. அத்தீர்மானத்துக்கு ஆதாரமாயமைந்தவை இரவுக் காடுகளிலும் பகற் சந்தைகளிலும் ஆய்வாளர் எடுத்த கணக்குகளே. 2013இல் யாவா இனம் மிகக் கடுமையான அழிவாபத்துக்குட்பட்டது என உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தாற் பட்டியலிடப்பட்டது.

ஆயினும் புதிய ஊறொன்று எதிர்பாராத திசையிலிருந்து வந்தது. 2009இலே வளர்ப்புத் தேவாங்கொன்றை ஒருவர் கூச்சம் காட்ட, அது இரு கைகளையும் மேலுயர்த்தி நிற்கும் காட்சி இணையத்திலே பரவிற்று. அது மகிழ்கின்றது எனக் கண்டோர் எண்ணினர். கையுயர்த்தல் முழங்கைச் சுரப்பியை வாய்க்கு அணித்தாக்கும் தற்காப்பு நிலையே என்பதை அறிந்தோர் சிலரே. அக்காட்சியின் கீழ் மக்கள் எழுதிய 12,000க்கு மேற்பட்ட கருத்துகளை ஆய்ந்த கட்டுரை 2013இல் வெளிவந்தது. இதனைத் தாமும் வளர்க்க விரும்புவதாக எழுதியோர் பலர் என்பதும், விலங்கின் உண்மை நிலை பரப்பப்பட்டபின் அதனைச் சுட்டி எழுதியோரும் தோன்றினர் என்பதும் அதனாற் புலனாயின. அதே ஆண்டு தாய்லாந்தின் புக்கெட் தீவிலே புகழ்பெற்ற பாடகி ஒருவர் தேவாங்கொன்றுடன் எடுத்த நிழற்படம் வெளியானதும், பயணிகளிடம் அவ்விலங்கைக் காட்டிப் பணம் பெற்ற இருவர் கைதாயினர். முன்னே காணப்படாமையால் இவ்விலங்கு நலிந்தது. இப்பொழுது தவறாகக் காணப்படுதலால் நலிகின்றது.

இவற்றினிடையே நீடித்த களஆராய்ச்சிக்குச் சிறந்த எடுத்துக்காட்டு மேற்கு யாவாவின் காருட் மாவட்டத்துச் சிப்பகாந்தி என்னும் மலைக்கிராமத்திலே 2011இல் தொடங்கிய பணியாகும். அதனை நிறுவியவர் ஒக்சுபோட் புறூக்சு பல்கலைக்கழகப் பேராசிரியர் அன்னா நெக்காரிசு. அவருடைய இத்துறைப் பயிற்சிக்கும் தமிழ்நாட்டுக்கும் தொடர்புண்டு. 1997-98 ஆண்டுகளிலே திண்டுக்கல்லை அடுத்த அய்யலூர்க் காடுகளிலே சாம்பல்நிறத் தேவாங்கை இரவுதோறும் பின்தொடர்ந்து அவர் ஆராய்ந்தார். பின்னர் இலங்கையின் தென்பாகத்து மசுமுல்லைக் காட்டிலே செந்தேவாங்கையும் இலங்கை ஆய்வாளரோடு சேர்ந்து ஆராய்ந்தார்.

சிப்பகாந்தியில் அடர்காடு இல்லை. மூங்கிற் புதர்களும் காய்கறித் தோட்டங்களும் வேலிமரங்களும் கலந்த உழவர் நிலமே அது. அந்நிலத்திலே யாவாத் தேவாங்கு வாழ்கின்றது; மூங்கிலிலே பகலில் உறங்கி, கலியாந்திராப் பூக்களின் தேனையும் வேலமர இனத்தின் பிசினையும் உண்கின்றது. காட்டுக்குள் மட்டுமே இவ்விலங்கு வாழுமென்ற கருத்தை இது திருத்தியது. தோட்டங்கள் விரிந்து மரங்களிடையே இடைவெளி மிக்கபொழுது, தாவ இயலாத இவ்விலங்கு தரையிலிறங்கி நாய்களுக்கும் மனிதருக்கும் இரையாகும் அபாயம் இருந்தது. ஆய்வாளர் உழவரோடு கலந்து, நீர்பாய்ச்சும் குழாய்களை மரத்துக்கு மரம் பாலமாகக் கட்டினர். உழவருக்கு நீரும் விலங்குக்கு வழியும் ஒருங்கே கிடைத்தன. தேவாங்குகள் அப்பாலங்களைப் பயன்படுத்துகின்றன என 2020இல் அறிவிக்கப்பட்டது. சுண்டானிய மக்களிடையே தேவாங்கைக் கொல்லுதலும் அதன் குருதி நிலத்திற் படுதலும் தீங்கு பயக்குமென்ற பழைய அச்சமும் உண்டு. காட்டோரத்தார் நம்பிக்கை யாவும் விலங்குக்குப் பகையல்ல என்பதற்கு அஃது ஓர் எடுத்துக்காட்டு.

சந்தைகளிலிருந்து மீட்கப்பட்டவற்றை மீண்டும் காட்டிலே விடும் முயற்சியும் யாவாவில் நடைபெற்றது. வானொலிக் கருவி கட்டி விட்டபின் தொடர்ந்து நோக்கியபொழுது, அவற்றுட் பல நெடுநாள் வாழவில்லை என்ற கசப்பான உண்மை 2014இல் வெளியிடப்பட்டது. உணவு மரங்களை அறியாமை, முன்பே அவ்விடத்தில் வாழும் விலங்குகளோடு நேரும் போர், நோய் முதலியன இடர்களாயின. தோல்வியை மறையாது எழுதியமையால் விடுமிடத்தையும் பருவத்தையும் ஆராய்ந்து தேர்தல் இன்றியமையாதது என்பது பிறருக்குப் புலனாயிற்று. பிடித்தபின் மீட்பதினும் பிடிக்காது தடுத்தலே மேலென்பதும் அதனால் வலியுறுத்தப்பட்டது.

இவ்வாராய்ச்சியின் ஒளி மெலிந்த தேவாங்குகளின் மீதும் பட்டது. ஒசுமன் கில் விவரித்த ஓட்டன் சமவெளித் தேவாங்கு அழிந்துபோயிருக்கலாம் என அஞ்சப்பட்ட நிலையில், இலங்கை ஆய்வாளரும் இலண்டன் விலங்கியற் கழகத்தாரும் இரவுதோறும் தேடி, அதனை முதன்முறையாக நிழற்படம் எடுத்தமை 2010இல் உலகுக்கு அறிவிக்கப்பட்டது. 2022இலே தமிழ்நாட்டரசு கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் 11,806 எக்டேர் பரப்பைக் கடவூர்த் தேவாங்குச் சரணாலயமாக அறிவித்தது. கால் நூற்றாண்டுக்கு முன் செந்நிற விளக்கோடு ஆய்வு நடந்த அய்யலூர்ப் பக்கத்துக்கே அப்பாதுகாப்புக் கிடைத்தமை கருதத்தக்கது.

லின்னேயசு பெயரிட்ட நாளிலிருந்து நோக்கின் ஓர் ஒழுங்கு புலப்படும். பெயர் தெளிந்தபின் இனங்கள் தெளிந்தன. இனங்கள் தெளிந்தபின் அவற்றின் குறைவு தெளிந்தது. குறைவு தெளிந்தபின்னரே சட்டம் எழுந்தது. ஒவ்வொரு படிக்கும் இடையே பல்லாண்டு கழிந்தது. கழிந்த ஆண்டுகளின் இழப்பு காடுகளிலே நேர்ந்தது. தேவாங்கு என்ற பெயரைத் தமிழர் நெடுங்காலமாகவே அறிவர். அழகற்ற முகத்துக்கு உவமையாகவும் அதனை வழங்குவர். அப்பெயருக்குரிய உயிர்களுள் ஒன்று நாட்டின் வடபாகத்து வறண்ட காடுகளிலே இன்றும் இரவுதோறும் இரை தேடுகின்றது. யாவாவின் உழவர் நிலத்திலே ஆய்வாளர் காட்டிய பொறுமையோடு அதனை ஆராய்தற்கு வேண்டுவன பெரும்பொருளல்ல. செந்நிற விளக்கும், குறிப்பேடும், இரவை அஞ்சாத சில இளைஞருமே.